பதினொரு நிமிடக் கழிவு

பிப்ரவரி ஏழாம் நாள், செவ்வாய்க்கிழமை. ஸிட்டாவின் குறை இது: பதினொரு குளிர்காலமாக லான்பாக் பள்ளத்தாக்கிற்குப் பனியில் சறுக்க வந்தவர் அனைவரையும் படமெடுத்த அவள் கணவர் காஸியனுக்கு, அவருடைய அடக்கத்தன்று காட்ட ஒரு முகம் இல்லை. அதற்குக் காரணம் யார் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆகவேதான், பத்து மணிக்குக் கோயில் மணி அடிக்கவிருந்த அந்நாளில், கறுப்பு உடையுடனும் ஒற்றைக் காலணியுடனும் சமையலறை மேசையின் முன் அமர்ந்து, ஏழு மணி முதல் மடிக்கணினியில் பழைய படங்களை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

படங்களில் குறை சொல்ல முடியாது. காஸியன் சறுக்குப் பள்ளியின் ஆசிரியர். கை எவ்வளவு நடுங்கினாலும் படத்தை நடுங்கவிடாத ஜிம்பல் என்னும் கேமராப் பிடியை வலக்கையில் பிடித்துக்கொண்டு, விருந்தினருக்கு முன்னால் பின்புறமாகவே சறுக்கிச் செல்வார். டச்சுக்காரர்கள், பவேரியாக்காரர்கள், விழுந்தவர்கள், விழுந்த பின்னும் கையசைத்தவர்கள் என எல்லாரும் இருந்தார்கள். எடுத்தவர் மட்டும் இல்லை. மாலைப் படங்களில் அவருடைய நிழல் பனிமேல் நீண்டு கிடந்தது. நிழலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கதவைத் தட்டாமல் காஸியனின் அக்காள் நோட்புர்கா உள்ளே வந்தாள். அவள் கையில் அச்சகத்து அட்டைப்பெட்டி இருந்தது.

"சீட்டு வந்துடுச்சு ஸிட்டா. நல்ல வேளை, நான் ஒரு படம் தேடிக் குடுத்தேன். உன்னை நம்பியிருந்தா பூவைத்தான் அச்சடிச்சிருக்கணும்."

இறந்தவரின் முகத்தை அச்சிட்டுக் கோயில் வாசலில் கொடுக்கும் நினைவுச் சீட்டு அது. ஊரார் அதைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக் காலமெல்லாம் காப்பார்கள். ஸிட்டா ஒன்றை எடுத்துப் பார்த்தாள். தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி, கழுத்துத்துணி. இடையில் ஒரு மூக்கு நுனி.

"இது யாரு அண்ணி?"

"யாருன்னா? என் தம்பி."

"மூக்கைத் தவிர ஒண்ணும் தெரியலையே."

"அது எங்க வீட்டு மூக்கு. அது தெரியாதவன் இந்தப் பள்ளத்தாக்குல எவன் இருக்கான்?"

ஸிட்டா சீட்டைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "அண்ணி, சறுக்குப் பள்ளி மேலங்கி சிவப்பு. இது நீலம். இது தீயணைப்புப் படையில இருக்கிற ஃப்ளோரின்."

நோட்புர்கா சீட்டைப் பிடுங்கி, மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள், ஏற்றிப் பார்த்தாள். பிறகு பெட்டியை மூடினாள்.

"ஃப்ளோரினும் நல்ல பையன்தான்" என்றாள். "இருநூறு அடிச்சாச்சு."

அடுத்து வந்தவர் சறுக்குப் பள்ளித் தலைவர் செவரின். பனியை வாசலிலேயே உதறாமல் சமையலறைவரை கொண்டுவருவது அவர் பழக்கம். லான்பாக்கில் சறுக்கு ஆசிரியர் ஒருவர் இறந்தால், அடக்கத்துக்குப் பிந்திய விருந்தில் சூப்புக்கும் காப்பிக்கும் நடுவே அவருடைய படம் திரையிடப்படும். செவரினின் தந்தைக்கு ஓடியது. மாட்டுக்கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்த ஆசிரியருக்குக்கூட ஓடியது.

"மூணு நிமிஷம் போதும் ஸிட்டா. பெரிசா ஒண்ணும் வேண்டாம். சிரிச்ச மாதிரி ஒண்ணு, சறுக்கற மாதிரி ஒண்ணு."

"இல்ல."

"என்ன இல்ல?"

"ஒண்ணுமே இல்ல. எல்லாத்துலயும் அவர் கேமராவுக்குப் பின்னால இருக்கார்."

"ஒரு தடவைகூடவா திருப்பிப் பிடிக்கல?"

ஸிட்டா படங்களை மேலும் ஓட்டினாள். திருப்பிப் பிடித்ததுண்டு. வேண்டுமென்று பிடித்ததில்லை.

ஜிம்பலில் பதிவைத் தொடங்குவதும் நிறுத்துவதும் ஒரே பொத்தான். காஸியனுடைய கையுறையோ தடித்தது; தலைக்கவசத்துக்குள் 'பீப்' ஒலியும் கேளாது. முதல் அழுத்தம் சரியாக விழாவிட்டால் அன்றைய கணக்கே தலைகீழாகிவிடும்: சறுக்கும்போது பதிவு நின்றிருக்கும், மலைமேல் கொண்டுசெல்லும் நாற்காலி லிஃப்டில் ஏறும்போதும், குடிலில் தேநீர் குடிக்கும்போதும் பதிவு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு முறை, ஒரு குடும்பத்தின் முழுச் சறுக்கலும் போய், சட்டைப்பையின் உட்புறம் மட்டும் பதினான்கு நிமிடம் வந்தது.

"சிவப்பு விளக்கைப் பாருங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று ஸிட்டா கத்துவாள்.

"விளக்கைப் பாத்தா மரத்துல மோதுவேன்டி. படத்தை அழிச்சிடலாம், மரத்தை அழிக்க முடியாது" என்பார் அவர்.

விருந்தினருக்கான படங்களை வீட்டில் வெட்டித் தொகுப்பவள் ஸிட்டா; அத்தகைய துண்டுகளைப் பார்க்காமலே 'கழிவு' என்னும் கோப்புறைக்குள் தள்ளுவாள். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து, மாவு பிசைவதற்கு முன் அதைக் காலி செய்வாள். "நிரந்தரமாக அழிக்கவா?" என்று கணினி கேட்கும். அவள் ஒருமுறையும் தயங்கியதில்லை. பதினொரு குளிர்காலம், ஞாயிறு தவறாமல்.

சென்ற ஞாயிறு மட்டும் தவறியது. சனிக்கிழமை மாலை, பள்ளியின் காலணி அறையில் காஸியன் ஒரு காலணியைக் கழற்றினார்; மற்றதை மருத்துவர் கழற்றினார்.

ஸிட்டா 'கழிவு' கோப்புறையைத் திறந்தாள். உள்ளே நான்கு துண்டுகள். மொத்தம் பதினொரு நிமிடம். முதல் துண்டு வெறும் இருட்டு. இரண்டாவதில் ஊசியிலை மரங்களின் உச்சிகள் நகர்ந்தன, லிஃப்ட் ஏறிக்கொண்டிருந்தது. அவருடைய குரல் தொடங்கியது. அவள் விரல் பழக்கத்தால் வெட்டும் பொத்தானுக்குப் போய், அதன் மேலேயே நின்றது. அப்போது கோயில் மணி அடித்தது.

செவரின் மடிக்கணினியை மூடி அக்குளில் வைத்துக்கொண்டார். "முழுசாப் பாத்துட்டியா?"

"பாதிதான்."

"மீதி?"

"மீதிக்கு அவர்தான் பொறுப்பு."

கோயில் வாசலில் நினைவுச் சீட்டு பரபரப்பாகப் போயிற்று. தீயணைப்புப் படையோடு அணிவகுத்து வந்த ஃப்ளோரினுக்கும் ஒன்று கிடைத்தது. அவன் நீண்ட நேரம் பார்த்தான், சிலுவை போட்டுக்கொண்டான், பக்கத்திலிருந்தவனிடம், "பரவால்ல, நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றான். ஆசிரியர்கள் சிவப்பு மேலங்கியில் சறுக்குக் கோல்களை வளைவாகப் பிடிக்க, சவப்பெட்டி அதன்கீழ்ச் சென்றது. குளிரில் எக்காளங்களின் விசைகள் உறைந்துபோனமையால் வாத்தியக் குழு ஏறக்குறைய பாதிச் சுரங்களை மட்டும் வாசித்தது. யாரும் சிரிக்கவில்லை, அழவும் முடியவில்லை.

விடுதிக் கூடத்தில் சூப்புத் தட்டுகளை எடுத்தார்கள். திரை இறங்கியது.

முதல் மூன்று நிமிடம் இருட்டு. யாரோ சீழ்க்கையில் ஒரு நடனப் பாட்டைச் சுரம் தவறி மெதுவாக இசைத்துக்கொண்டிருந்தார்.

"கருவி கெட்டுப்போச்சா?" என்றார் பாதிரியார்.

"இல்ல சாமி, சட்டைப்பை" என்றாள் ஸிட்டா.

பிறகு மர உச்சிகள். லிஃப்டில் ஒரு விருந்தினர் பள்ளித் தலைவரைப் பற்றி ஏதோ கேட்டார். காஸியனின் குரல் கூடம் நிறைய வந்தது: "செவரினா? தங்கமான மனுஷன். உனக்குப் புதுக் கையுறை தர்றேன்னு சொன்னான். எந்த வருஷம்னு நான் கேக்கல. மரியாதைக் குறைவு பாருங்க."

கூடம் அதிர்ந்தது. செவரின் தம் கைகளை மேசைக்குக் கீழே கொண்டுபோனார்.

மூன்றாம் துண்டு, மலைக்குடிலின் மேசைக்கால். "என் அக்கா மாவு உருண்டை செய்வா பாருங்க, அதை உச்சியிலேருந்து உருட்டி விட்டா ஊரையே காலி பண்ணணும்."

"பொய்!" என்று எழுந்தாள் நோட்புர்கா. "போன மாசம்கூட ஏழு தின்னான்!"

"ஏழு தின்னுட்டுத்தான் சொல்றான்" என்றது பின்வரிசை. அவள் உட்கார்ந்தபோது தோள்கள் குலுங்கின. சிரிப்பா என்று யாரும் பார்க்கவில்லை.

ஸிட்டா சிரிக்கவில்லை. நாலாம் துண்டும் மேசைக்காலாகவே இருந்துவிட்டால்? இத்தனை பேர் சிரித்துவிட்டு, முகமில்லாமலே எழுந்து காப்பிக்குப் போய்விட்டால்?

நான்காவது தொடங்கியது. வானம், கொடிமுடி, மறுபடி வானம். பின்னர்த் திரை முழுவதும் காஸியன். கீழிருந்து எடுத்த கோணம். இரண்டு மூக்குத்துளைகள், மீசையில் பனி, கன்னத்தில் கண்ணாடி பதிந்த கோடு. அவர் லென்ஸை முறைத்தார்.

"ஸிட்டா, இது ஓடுதா, நின்னுடுச்சா? சிவப்பா ஒண்ணு மின்னுது. மின்னினா ஓடுதுன்னு சொன்னியா, நின்னுடுச்சுன்னு சொன்னியா?"

பதில் வருமென்று எதிர்பார்ப்பவர்போல அவர் காத்திருந்தார். கூடமும் காத்திருந்தது.

"ஓடுதுங்க" என்றாள் ஸிட்டா, மிகவும் தாழ்ந்த குரலில்.

"சரி, நின்னுடுச்சு" என்றார் அவர். ஜிம்பலை மரக்கட்டைமேல் சாய்த்துவைத்தார். கைப்பிடி சரிந்தது, அடிவானம் மட்டும் ஒரு மயிரிழையும் சாயவில்லை. தாம் பதிவாவதை அறியாத அந்த மனிதர் பையிலிருந்து ரொட்டிப் பொதியை எடுத்தார். இரு புறமும் பார்த்தார். ரொட்டியைப் பிரித்து, உள்ளேயிருந்த ஊறுகாய் வெள்ளரித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, காலடியில் காத்திருந்த மலைக்காக்கைகளுக்குப் போட்டார். அவை வரிசையில் நின்ற விதம், பழைய வாடிக்கைக்காரர்கள் என்று காட்டியது. பிறகு மிச்சத்தை உண்டார். காகிதத்தை நான்காக மடித்து நெஞ்சுப்பையில் வைத்தார். லென்ஸுக்கு அப்பால், கீழே வீடு இருந்த திசையில், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திரை வெண்மையாயிற்று.

"முப்பத்தாறு வருஷம்" என்றாள் ஸிட்டா, பொதுவாக. "வெள்ளரி இல்லாம ரொட்டி எறங்காதுன்னார்."

செவரின் மூக்கைச் சிந்தினார். "இன்னொண்ணு போடு. இந்த மாதிரி எத்தனை இருக்கு?"

"வாரத்துக்கு நாலு அஞ்சு இருக்கும். பதினொரு குளிர்காலம்."

"அதெல்லாம் எங்க?"

ஸிட்டா மேசையிலிருந்த கரண்டியை நேராக்கி வைத்தாள். விடுதிக்காரி காப்பியைக் கொண்டுவந்தாள்.

மூன்று மணிக்கு வீடு திரும்பியவள், கறுப்பு உடையை மாற்றாமல், வெள்ளரிப் புட்டியைத் திறந்து சன்னல் விளிம்பில் நான்கு துண்டுகளை வைத்தாள். இரண்டு காக்கைகள் வந்தன. மேசையில் கணினி விழித்து, ஞாயிறு காலி செய்யாத கோப்புறைக்காக, "நிரந்தரமாக அழிக்கவா?" என்னும் வழக்கமான கேள்வியைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தது.

வாசகரே, அக்கேள்வி உமது வீட்டிலும் கேட்கப்படும். பெரும்பாலும் கை வேலையாக இருக்கும் நேரத்தில். கையைத் துடைத்துக்கொள்ளும். கோப்பைத் திறந்து, இருட்டாயிருந்தாலும் கடைசிவரை பாரும். பிறகு, 'வேண்டாம்' என்பதை அழுத்தும்.