டெய்சிக்குத் தண்ணீர் ஊற்றியது யார்?

கரு கலைந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வீட்டில் யாரோடும் நான் சரியாகப் பேசவில்லை. யார் மீதும் தப்பில்லை என்றார் டாக்டர். சொல்வதற்கென்ன, சுலபம். என் கை பட்டால் எதுவும் தங்காது என்று மனசு ஓயாமல் பிடுங்கிக்கொண்டிருந்தது.

அதைப் பொய்யாக்கத்தான் பேப்பர் டெய்சி விதை வரவழைத்தேன். ஆஸ்திரேலியாவின் காய்ந்த மண்ணில் தானாக வளரும் பூ. இதழைத் தொட்டால் காகிதம் மாதிரி சரசரக்குமாம். வெயில் காலத்தில் எங்கள் தீவு ஊரான கராச்சர்மாவில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான செடி ஏது? வீட்டின் முன்னால் மணல் கலந்து பாத்தி கட்டி, ஜனவரியில் விதைத்தேன். இது பிழைத்தால் நானும் தேறிவிடுவேன் என்று எனக்குள் ஒரு நினைப்பு. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அதற்காகத்தான் காலையில் எழுந்தேன்.

முளைத்தது. ஒரு சாண் வளர்ந்து மொட்டும் விட்டது. மார்ச் வந்ததும் அடியிலைகள் மஞ்சளாகி, செடிகள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. இதையும் சாகடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மத்தியானம் காய்ந்த துணியை எடுக்கப் போனேன். மாமனார் தான் குளிக்க வைத்திருந்த தண்ணீரைச் சொம்பில் மொண்டுவந்து பாத்தியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்ததே கோபம்! "என்ன மாமா பண்றீங்க?"

"தோடா, கொஞ்சமாத்தான் ஊத்துனேன், தாயி. ஒரே ஒரு சொம்பு. வாடுதே, பாவம்" என்று திருதிருவென முழித்தார்.

சத்தம் கேட்டு அத்தை வெளியே வந்தார். "ஏங்க, நீங்களுமா? நான் தெனமும் அரிசி கழுவுன தண்ணிய இதுக்குத்தான ஊத்துறேன்!"

கப்பல் ஏறும் ஜெட்டியில் டிக்கெட் கவுன்ட்டரில் இருக்கும் என் கணவர் கோகுல் அப்போதுதான் சாப்பிட வந்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். "டியூட்டி முடிஞ்சு வர்றப்ப பாட்டில்ல மிச்சம் இருக்கிறத நானும்..." என்று இழுத்தார்.

ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், மூன்று பேருமா! ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் அழுகி நாறியது.

"இது தண்ணி கேக்காத செடி! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்று கத்தினேன். மூன்று மாதத்தில் அன்றுதான் அந்த வீட்டில் என் குரல் உயர்ந்தது.

"எப்புடித் தாயி கேக்குறது?" என்றார் அத்தை. "நீ வாயத் தொறந்தாத்தான? எந்நேரமும் இதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்த. இதுவும் போச்சுன்னா நீ என்ன ஆவியோன்னு எங்களுக்குப் பயம்."

கையிலிருந்த செடியையே பார்த்தேன். "அப்ப இது என்னால சாகல" என்றேன், யாரிடமென்று இல்லாமல்.

அத்தை கிட்டே வந்து, மண்ணும் சேறுமாக இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுவும் உன்னால இல்ல, தாயி."

எதைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. டாக்டர் சொல்லி நம்பாததை அத்தை சொன்னதும் நம்பினேன். அவர் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதேன். கோகுலும் மாமாவும் என்ன செய்வதென்று தெரியாமல் வெயிலிலேயே நின்றார்கள்.

பாத்தியின் மேட்டுப் பக்கம் நாலைந்து செடிகள் இன்னும் மொட்டோடு நிமிர்ந்துதான் நின்றன. கண்ணைத் துடைத்துக்கொண்டு மூவரையும் அங்கிருந்து விரட்டினேன்.

"மாமா, நீங்க மொதல்ல போயி முழுசாக் குளிங்க."