அண்ணியின் நாற்பது நொடி

வாய் ஓயாது என்பதால் புகுந்த வீட்டில் அவளுக்கு மைனா என்று பெயர். அந்தப் பெயரை அலுவலகம் வரை கொண்டுபோனவள் அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. மைனா அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். இருவருக்கும் வேலை ஒரே துகள் முடுக்கி நிலையத்தில்.

அங்கே தரைக்கடியில் வளையமாக ஒரு குழாய். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களின் கற்றை ஒன்று சுற்றிச் சுற்றி வரும். காந்தங்களின் மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும், அது சுவரில் முட்டிவிடாமல் நடத்திச் செல்வது நாத்தனாரின் வேலை. பதினோரு வருடப் பழக்கம். அவள் கையின் ஒவ்வொரு அசைவும் தரவுக் கிடங்கில் பதிவாகியிருந்தது. அந்தப் பதிவுகளைப் படித்து, கற்றையைத் தானாகவே நடத்தும் மென்பொருளை எழுதச் சொல்லி மைனாவிடம் கொடுத்தார்கள்.

"என் வேலைக்கே உலை வைக்கிறியாக்கும்" என்றாள் நாத்தனார், சிரித்துக்கொண்டேதான். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது.

மைனா பகலெல்லாம் அந்தப் பதிவுகளின் வரைகோடுகளுக்குள்ளேயே கிடந்தாள். ஜன்னலுக்கு வெளியே மேகம் நகரும்; திரையில் அண்ணியின் வருடங்கள் நகரும். மெல்ல ஏறும், தயங்கும், இறங்கும். பேசாத ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சைக் கேட்பது போலிருந்தது. நான்காவது காந்தத்தைத் தொட்ட பிறகு மட்டும் எப்போதும் நாற்பது நொடிக்கு வெறும் நேர்கோடு. வீண் நேரம் என்று மைனா அதை வெட்டிவிட்டாள்.

சோதனை நாள் காலை கட்டுப்பாட்டு அறையில் பிரிவுத் தலைவர் கைகட்டி நின்றார். மென்பொருள் ஓடியது. திரையில் கற்றையைக் காட்டும் ஒளிப்புள்ளி தோன்றியது, நடுங்கியது, மாவு போலப் பரவி மறைந்தது. மூன்று முறையும் அதே கதைதான். மைனாவுக்கு முகம் செத்துவிட்டது.

"நாலாவதுக்கு அப்புறம் ஏன் நிக்காம ஓடுது?" என்று கேட்டாள் நாத்தனார்.

"சும்மா இருந்த நேரம்னு நெனச்சு எடுத்துட்டேன் அண்ணி."

"சும்மாவா?"

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

நாத்தனார் தலைவரை ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "பாடுவேன். மனசுக்குள்ளதான், ரெண்டு வரி. முடிக்கிறதுக்குள்ள காந்தம் அடங்கிடும். ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது."

மைனாவுக்குப் பளிச்சென்று பிடிபட்டது. அத்தனை பெரிய இரும்பு, மின்சாரம் மாறியதும் உடனே நிலைகொள்ளாது. அதற்கும் நேரம் வேண்டும். வெட்டியதைத் திரும்ப ஒட்டினாள்.

மீண்டும் ஓடவிட்டார்கள். நான்காவது காந்தம் வந்ததும் எல்லாம் நின்றது. மின்விசிறியின் முனகல் மட்டும். நாத்தனாரின் உதடுகள் லேசாக அசைந்தன. அறையே தண்ணீருக்கடியில் மிதப்பது போல ஒரு அமைதி. பிறகு புள்ளி சுருங்கிச் சுருங்கி ஊசிமுனை போல நடுவில் வந்து நின்றது.

"நாளைலேர்ந்து எனக்கு இங்க என்ன வேலை சார்?" என்று கேட்டாள் நாத்தனார்.

"இப்படி இன்னும் எத்தனை ஒளிஞ்சிருக்கோ! நீங்க பக்கத்துல உக்காந்து சொன்னாத்தான் உண்டு" என்றார் தலைவர்.

அடுத்த வாரம் முதல் இரண்டு நாற்காலிகள், ஒரு திரை. மைனா பழைய கோடுகளை ஒவ்வொன்றாகத் திறப்பாள்.

"இது ஏன் இப்படி இறங்குது அண்ணி?"

"அன்னிக்கு நல்ல மழை. காந்தத்தைக் குளிரூட்டற தண்ணி ரொம்பச் சில்லுனு வந்துச்சு."

"இது?"

சிலவற்றுக்கு "ஞாபகமில்லடி" என்பாள். சொன்ன பிறகும் கன்னத்தில் கைவைத்து, அந்தக் கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். மைனா அடுத்ததைத் திறக்காமல் காத்திருப்பாள்.