காற்றுக்கட்டை

தெருவில் அவளுக்குப் பல்காரம்மா என்று பெயர். பல் செட் செய்யும் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை. யார் வாய் என்றே தெரியாத வாய்களுக்கு அரை நூல் பிசகாமல் பல் கட்டி அனுப்புகிற கை. கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், எல்லோருக்கும் மாஸ்டர். யார் வண்டி ஓட்டினாலும் ஒரு பிரேக் தன் காலடியில் இருக்க வேண்டும் என்பது அவர் தொழில். வீட்டிலும் அப்படித்தான்.

மாஸ்டரின் உயிர் முன்னறையில், உப்புத் தண்ணீர் மீன் தொட்டியில் இருந்தது. ஆறு மீன், மூன்று பவளம். தொட்டியின் பின்னால் புரோட்டீன் ஸ்கிம்மர் என்று ஒரு உயரமான கண்ணாடிக் குழாய். அதன் அடியில் விரல் நீள மரத்துண்டு ஒன்று கிடக்கும். மோட்டார் தள்ளும் காற்று அந்த மரத்தின் வழியே கசிந்து, பால் பொங்குவதுபோல் பொடிக் குமிழியாக மேலே ஏறும். தண்ணீரில் கரைந்த அழுக்கெல்லாம் அந்த நுரையில் ஒட்டிக்கொண்டு உச்சியில் உள்ள கோப்பையில் போய் விழும். மரம் மூன்று நான்கு வாரத்தில் அடைத்துக்கொள்ளும். உடனே வேறு மாற்ற வேண்டும்.

ஒருநாள் கடையில் அந்த மரத்துண்டு வருவது நின்றுபோனது. கல்லில் செய்ததை வாங்கிப் போட்டார். குமிழி கோலிக்குண்டு அளவுக்கு வந்தது, நுரையைக் காணோம். மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை.

"மரம்தானேங்க. குடுங்க, பார்ப்போம்" என்றாள் அவள்.

முதலில் பழப்பெட்டிப் பலகையை அறுத்துப் போட்டாள். பிசின் கசிந்து, நுரை பொங்கித் தரையெல்லாம் வழிந்தது. அப்புறம் பரணில் கிடந்த உடைந்த நாற்காலியை இறக்கினாள். அதன் காலில் ஒரு துண்டை வெட்டி, ஒரு முனையைச் சோப்புத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் வாய் வைத்து ஊதினாள். கன்னம் வலிக்க ஊதியபின் அடியில் பொடிப்பொடியாக நுரை கட்டியது. மரத்தின் நரம்பு ஓடும் திசையில்தான் காற்று ஓடும் என்று அன்று பிடிபட்டது. அதனால் துளையை முனையில் போடாமல் பக்கவாட்டில் நடுமரம் வரைக்கும் போட்டாள். காற்று இரண்டு முனையிலும் பிரிந்து வெளியேறும். அதில் காற்றுக் குழாயைச் சொருகி, பல் செட்டுக்கு ஈறு வைக்கிற ரோஸ் பசையால் அடைத்தாள். ஒரு நாள் ஊறவைத்து உள்ளே இறக்கியதும் கண்ணாடிக் குழாய் முழுக்க வெள்ளை வெளேரென்று ஆனது.

"அடி சக்கை! நீ பல்காரி இல்லடி, பெரிய விஞ்ஞானி" என்று மாஸ்டர் குதித்தார். அந்த வாரம் முழுக்க அவரே டீ போட்டுக் கொடுத்தார்.

அதற்கப்புறம் பதினாறு மாதம், மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கட்டை செய்வாள். அவர் பக்கத்தில் நின்று டார்ச் பிடிப்பார். அதை ஒரு குறையாக அவள் நினைத்ததில்லை.

மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. மாதம் ஒரு வீட்டில் கூடுவார்கள். மாஸ்டரின் முறை வந்தபோது முன்னறை நிறைய ஆள். அவள் டீத் தட்டோடு வந்தபோது அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"கடையை நம்பினா ஆகுமா? நானே செஞ்சிடறேன். ராப்பகலா யோசிச்சுக் கண்டுபிடிச்சேன்."

வந்தவர்களில் ஒருவரான கண்ணாடிக்கடைக்காரர் பழைய கட்டை ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "இந்த ரோஸ் பசை என்ன சார்?"

"அது... ஒரு பசை. வெளியூர்ல கிடைக்கும்."

"துளை எந்தப் பக்கம் போடணும்?"

"முனையிலதான். நேரா உள்ள விட்டுடணும்."

அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "முனையில போட்டா காத்து ஒரே இடத்துல குபுகுபுன்னு வந்துடுங்க. பக்கவாட்டுல போடணும்."

மாஸ்டர் சிரித்தார். "மரத்தூளைப் பெருக்குறது இவதானே. பெருக்கிப் பெருக்கியே இவளுக்கும் பாடம் ஆயிடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கையில் தட்டு இருந்தது, வேறென்ன செய்ய. கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் கட்டையைத் திருப்பித் துளையைப் பார்த்தார்.

ஆள்கள் போனதும் கேட்டாள். "பெருக்குறவளா நான்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஒரு மரத்துண்டுக்குப் போயி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறியே."

"சரி, மரத்துண்டுதானே. அடுத்ததை நீங்களே போட்டுக்குங்க."

"போட்டுட்டாப் போச்சு!"

இரண்டு வாரத்தில் தொட்டியில் இருந்த கட்டை அடைக்கத் தொடங்கியது. நுரை மெலிந்து, கோப்பை காய்ந்து கிடந்தது. மாஸ்டர் பால்கனியில் உட்கார்ந்து நாற்காலிக் காலை அறுத்தார். முனையில்தான் துளை போட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி. இரண்டு துண்டு பிளந்துபோனது. மூன்றாவது குபுகுபுவென்று கொதித்தது. அவள் துணி காயப்போட வந்தபோது தலை நிமிராமல் ரம்பத்தை இழுத்தார். ஒரு வார்த்தை, "இந்தா, இதைக் கொஞ்சம் பாரேன்" என்று சொல்லியிருந்தால் அவள் உட்கார்ந்திருப்பாள். அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவளுடைய பட்டறைப் பையில், சங்கம் கூடுவதற்கு முந்தின ஞாயிறு செய்த கட்டை ஒன்று இருந்தது. எப்போதும் ஒன்று கூடுதலாகச் செய்து வைப்பது வழக்கம். அதைத் தினமும் வேலைக்குத் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவந்தாள். வாய் திறந்து கேட்கட்டும், கொடுப்போம் என்று நினைத்தாள். பஸ்ஸில் மடியில் பையை வைத்திருக்கும்போது அதன் முனை தொடையில் குத்தும்.

தண்ணீர் மங்கியது. முன்னறையில் ஒரு வாடை. மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. அதில் ஒரு மஞ்சள் மீன், கண்ணாடியைத் துடைக்கும்போது அவள் துணியின் பின்னாலேயே ஓடி வரும். மஞ்சக்குட்டி என்று அவள் மட்டும் கூப்பிடுவாள். ஒருநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது அது பவளத்தில் சாய்ந்து கிடந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, பையைத் திறந்து, முழங்கை வரை தண்ணீரில் விட்டு, கட்டையை மாற்றினாள். ஊறவைக்கக்கூட நேரம் இல்லை. அரை மணியில் குழாய் வெள்ளையானது. மாஸ்டர் கதவோரம் நின்று பார்த்தார்.

"கையிலயே வெச்சிருந்தியா?"

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். மஞ்சக்குட்டி அன்றே போனது. வெள்ளிக்கிழமைக்குள் மற்ற ஐந்தும்.

சனிக்கிழமை அவர் சங்கத்தில் யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "என்ன பண்றது சார், மரத்துல ஏதோ விஷம் இருந்திருக்கு. அந்தக் கட்டை நான் செஞ்சதில்ல. எங்க வீட்டுக்காரி செஞ்சது. ஆரம்பத்திலேருந்தே அவதான்."

சமையலறையில் அவள் குழாயை மூடினாள். பதினாறு மாதம் கழித்துப் பேர் வந்துவிட்டது. பாய்ந்து போய்ப் போனைப் பிடுங்கலாம் போலிருந்தது. ஆனால் 'கையிலயே வெச்சிருந்தியா' என்ற கேள்வி நடுவில் நின்றது. மறுபடி குழாயைத் திறந்து பாத்திரத்தைத் தேய்த்தாள்.

தொட்டியை அடுத்த மாதம் யாரோ வந்து தூக்கிப் போனார்கள். இருவரும் பேசிக்கொண்டது கேஸ், சாவி, மழை, அவ்வளவுதான். ஒரு மாலை கண்ணாடிக்கடைக்காரர் அவளைப் போனில் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அந்தக் கட்டை செய்முறை வேணும்."

அவள் சொன்னாள். எந்த மரம், ஊதிப் பார்ப்பது எப்படி, துளை எங்கே. இத்தனை நேரம் அவள் யாரிடமும் பேசியதில்லை.

"மரத்துல விஷம்னு மாஸ்டர் சொன்னாரே?"

"அதெல்லாம் இல்லைங்க. பதினாறு மாசம் அதே நாற்காலிதான்."

"அப்போ மீனுங்க எதனால போச்சு?"

மாஸ்டர் சோபாவில் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்.

"பார்த்துக்க ஆளில்லைங்க" என்றாள்.

"வீட்ல ரெண்டு பேர் இருந்தீங்களேம்மா?"

"இருந்தோம்."

மறுமுனையில் அவர் எழுதிக்கொள்ளப் பேனா எடுத்து வருவதாகச் சொல்லிப் போனார். வந்ததும் அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மாஸ்டர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.