நினைத்த இடத்தில் நிறுத்தலாம்

"அந்த ஃபேன் யாருக்குடி சுத்துது?"

அம்மா இதைக் கேட்டது கோடை தொடங்கியபோது. அப்போது அம்மாவுக்கு ஒரு முழு வாக்கியம் பேச மூச்சு இருந்தது. கிண்டலுக்கும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மகள் அண்ணாந்து பார்த்தாள். கூடத்தின் நட்டநடுவில், கீழே ஆளில்லாத வெறும் தரைக்கு ஃபேன் காற்று வீசிக்கொண்டிருந்தது. அம்மாவின் கட்டில் சுவரோரம் கிடந்தது. காற்று கட்டில் விளிம்புவரை வரும். அதற்குமேல் வராது. யாரோ அதனிடம் அங்கேயே நில் என்று சொல்லி வைத்ததுபோல.

இன்று அம்மா எதுவும் கேட்கவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சை எண்ணிச் செலவழிப்பதுபோல விட்டுக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் அட்டைப்பெட்டியின் மூடியால் விசிறினாள். மூடியின்மேல் ஒரு பிராக்கெட்டின் படம். படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில், 'நினைத்த இடத்தில் நிறுத்தலாம்'. அண்ணன் யோசித்து எழுதியது. அதை எழுதிய நாளில் வீட்டுக்கு வந்து இரண்டு தரம் வாசித்துக் காட்டினான்.

அண்ணன் அந்தப் பிராக்கெட்டின் ஏஜென்ட். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு இரும்புப் பட்டைகள், இழுத்தால் நீளும். கூரையின் இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே அதை நீட்டி முடுக்கிவிட்டால், ஃபேனைத் தாங்கும் பெட்டி பட்டையின்மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடும். வேண்டிய இடத்தில் நிறுத்தி ஒரு ஸ்குருவை இறுக்கினால் போதும். சுவருக்குள் ஸ்விட்ச் பெட்டியை வைக்கவும் அதேபோல் ஒன்று உண்டு. வருகிற போகிறவர்களிடமெல்லாம் இதைப் பேசிப் பேசி ஊரில் அவனுக்கு 'பிராக்கெட்' என்றே பெயர். அவனுக்கு அதில் பெருமைதான்.

அம்மாவின் கூடத்தை அவன் கடையாக்கி மூன்று வருடம் ஆகிறது. கூரைக்கு அடியில் அடித்திருந்த பலகையில் நீளமாக ஒரு பிளவு வெட்டி, அதைக் கழற்றி மாட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டியால் மூடி, உள்ளே பிராக்கெட்டைப் பொருத்தி, அதில் ஃபேனைத் தொங்கவிட்டான். கட்டடம் கட்டுகிறவர்களைக் கூட்டி வருவான். பட்டியை விலக்கிக் காட்டுவான். "ஒரு இஞ்ச் வேணுமா, ஒரு இஞ்ச் நகர்த்துங்க. ஒன்றரை அடி வேணுமா, ஒன்றரை அடி நகர்த்துங்க." கட்டிலில் கிடந்து அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். அம்மாவுக்கு வேண்டியதும் ஒன்றரை அடிதான்.

"அது டிஸ்ப்ளே பீஸும்மா," என்பான் அண்ணன். "சும்மா சும்மா நகர்த்துனா பட்டையில கீறல் விழும். பாக்குறவன் என்ன நெனைப்பான்? சென்டர்ல இருந்தாதான் லுக்கு. கொஞ்சம் பொறுத்துக்க."

மகள் ஒருநாள் கட்டிலையே நடுவுக்கு இழுத்துப் போட்டாள். மறுநாள் அண்ணன் ஒரு வாடிக்கையாளருடன் வந்து, அம்மா படுத்திருக்க, கட்டிலைத் திரும்பவும் சுவரோரம் தள்ளினான். "வழியில கட்டில் கெடந்தா அவர் எங்க நிப்பாரு?" டேபிள் ஃபேன் வைத்தால் முகத்தில் நேராக அடித்து அம்மாவுக்கு இருமல் வந்தது. தெருமுனை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் வாசற்படி ஏறவே இல்லை.

"வேற என்ன வேணாலும் சொல்லுங்கக்கா. பிராக்கெட் வீட்டு பிராக்கெட்ல நான் கை வச்சேன்னு தெரிஞ்சா நாளையிலேர்ந்து எனக்கு சரக்கு வராது."

"அப்ப நானே ஏறிப் பாக்கறேன்," என்று அவள் அண்ணனிடம் சொன்னாள்.

"நீ கைய வச்சுடாத. மேல ஒயர் இழுத்துக்கும். ஷாக் அடிச்சு விழுந்தா நான் அம்மாவைப் பாப்பேனா, உன்னைப் பாப்பேனா?"

இருவரில் ஒருவரையும் அதுவரை பார்த்திராதவன் அப்படிக் கேட்டான். ஆனாலும் அவள் பயந்துவிட்டாள். ஒயர், கரண்ட் என்றால் அவன் சொல்வதுதான் வேதம் என்று அந்த வீட்டில் எப்போதோ முடிவாகியிருந்தது.

இன்று காலை அண்ணன் ஏணியோடு வந்தான். ஏணியைப் பார்த்ததும் அவள் விசிறுவதை நிறுத்திவிட்டாள். அவன் ஏணியைக் கூடத்தின் நடுவில் விரித்து, ஏறி, பையிலிருந்து ஒரு துணியை எடுத்து ஃபேனின் இறக்கைகளைத் துடைக்க ஆரம்பித்தான்.

"சாயங்காலம் பெரிய பில்டர் ஒருத்தர் வர்றாரு. ஐம்பது வீடு கட்டறாரு. தூசியோட காட்ட முடியுமா?"

"ஏணியிலதானே நிக்கிற. அப்படியே இந்தப் பக்கம் நகர்த்திடேன்."

"அவர் முன்னாடி நகர்த்துனாதான் மதிப்பு. அதுக்கப்புறம் அங்கேயே விட்டுடறேன், சரியா?" அவன் குனிந்து கட்டிலைப் பார்த்தான். "அம்மா, சாயங்காலம் காத்து உனக்குத்தான். வாக்கு குடுத்தாச்சு."

அம்மா கண்ணைத் திறந்தாள். ஏணியின்மேல் துணியும் கையுமாக நிற்கிற மகனைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள்.

"நீ பெரிய ஆளுப்பா," என்றாள்.

அண்ணன் சிரித்தான். மிச்சமிருந்த இறக்கையையும் பளபளப்பாகத் துடைத்துவிட்டு, ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் அம்மா போனாள். விசிறிக்கொண்டிருந்த மகளுக்கு வலது கை வலித்தது. அட்டையை இடது கைக்கு மாற்றினாள். மாற்றுவதற்கு முன் ஒரு மூச்சு கேட்டது. மாற்றிய பிறகு கேட்கவில்லை. அவள் இடது கையும் வலிக்கும்வரை விசிறிக்கொண்டிருந்தாள்.

அண்ணி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழத் தொடங்கினாள். இரண்டு செருப்பையும் ஜோடி சேர்த்து ஓரமாக வைத்த பிறகு சத்தம் கூடியது. பின்னாலேயே வாடகை நாற்காலிகள் வந்தன. அண்ணன் அவற்றை ஃபேனுக்குக் கீழே வட்டமாகப் போட்டான். வந்தவர்கள் அம்மாவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு நடுவில் போய்க் காற்று வாங்கினார்கள். ஃபேன் முதல்முறையாக மனிதர்களுக்குச் சுற்றியது.

"கடைசியா எங்கிட்டதான் பேசுனாங்க," என்று அண்ணன் ஒவ்வொருவரிடமும் சொன்னான். "'நீ பெரிய ஆளுப்பா'ன்னாங்க. அதுதான் கடைசி வார்த்தை. அப்புறம் யாருகிட்டயும் ஒண்ணும் பேசல."

"பெத்தா இப்படிப் பிள்ளையப் பெறணும்," என்றார் ஒருவர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு.

"அம்மாவுக்குன்னா ஒண்ணும் பாக்க மாட்டாரு," என்றாள் அண்ணி. அது முழு உண்மை என்று மகளுக்குப் பட்டது.

தையல்கடை அக்கா மட்டும் நேராகக் கட்டிலுக்கு வந்தாள். அம்மா படுக்கையில் விழும்வரை மகள் அந்தக் கடையில்தான் வேலை பார்த்தாள். அக்கா அவள் கையிலிருந்த அட்டையை மெல்ல வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.

"சாப்டியா?"

அவள் தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"உன் மெஷின்ல வேற யாரையும் உக்கார வைக்கல. பின்னாடி ரூமும் சும்மாதான் கெடக்கு. யோசி," என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா போய்விட்டாள்.

வெயில் தாழ்ந்தபோது பில்டர் வந்தார். விஷயம் தெரிந்துதான் வந்திருந்தார். கையில் பூ இருந்தது. பூவை அம்மாவின் காலடியில் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு அவர் கண் மெதுவாகக் கூரைக்குப் போனது.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சொன்னது இதுதானா?"

"இதேதான் சார்."

"நெஜமாவே நகருமா?"

"இப்பவே பாத்துடலாம் சார்."

"சேச்சே. இந்த நேரத்துல எதுக்குங்க. இன்னொரு நாள் வர்றேன்."

"நீங்க இவ்வளவு தூரம் வந்ததே பெருசு. ரெண்டே நிமிஷம். அம்மாவும் இதைத்தான் ஆசைப்பட்டாங்க."

நாற்காலிகள் விலக்கப்பட்டன. அழுதுகொண்டிருந்தவர்கள் எழுந்து ஓரமாக நின்றார்கள். அண்ணி போய் மெயினை அணைத்தாள். அண்ணன் ஏணியில் ஏறி வெள்ளைப் பட்டியை உருவினான். திருப்புளியால் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த ஸ்குருவை அரைச் சுற்று தளர்த்தினான். இரண்டு கையாலும் தள்ளினான். மேஜை இழுப்பறை ஓடுவதுபோலப் பெட்டி ஃபேனோடு ஓடியது. ஒயர் எதுவும் இழுத்துக்கொள்ளவில்லை. உள்ளே அது வளையம் வளையமாகத் தாராளமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. வைத்தவன் அவன்தான்.

"ஆன் பண்ணு."

ஃபேன் சுற்றியது. அம்மாவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடி எழுந்து அசைந்தது. போர்த்தியிருந்த வெள்ளைத் துணி காலடியில் படபடத்தது. பூ கீழே விழுந்தது.

"போறப்பவும் அம்மாவுக்குக் காத்து வர வச்சுட்டான் பாரு," என்று ஒருவர் குரல் தழுதழுத்தது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான். சாயங்காலம், பில்டர் முன்னால், அம்மாவுக்கு.

"இவ்வளவு ஈஸியா?" என்றார் பில்டர்.

"குழந்தைகூட செய்யலாம் சார்."

அவள் குனிந்து, படபடத்த துணியின் நுனியை அம்மாவின் பாதங்களுக்கு அடியில் செருகினாள். அது நிற்கவில்லை. மறுபடியும் செருகினாள்.

அம்மாவை ஏற்றிப்போக வண்டி வந்தது. பில்டர் போகும்போது அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், துக்கம் விசாரிக்கிற முகத்தோடு, "முதல்ல பத்து வீட்டுக்கு அனுப்புங்க," என்றார். அண்ணனும் துக்கம் சொல்கிற முகத்தோடு தலையாட்டினான்.

"வண்டியில எடம் இல்ல. நீ இரு," என்று அவளிடம் சொன்னான். இடம் இருந்தது. அண்ணி பக்கத்தில் அண்ணியின் கைப்பை உட்கார்ந்திருந்தது. "யாராவது விசாரிக்க வந்தா பதில் சொல்ல ஆள் வேணும்ல. இனிமேலும் இந்த வீட்டை நீதான் பாத்துக்கணும். கஸ்டமர் வந்தா கதவைத் திறந்து, ரெண்டு வார்த்தை பேசி, ஃபேனைக் காட்டணும். உன்னை யாரும் வெளிய போகச் சொல்லல, பயப்படாத."

வண்டி திருப்பத்தில் மறைந்தது. அவள் உள்ளே வந்தாள். கட்டில் காலியாக இருந்தது. ஃபேன் அதன்மேல் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. விரிப்பின் சுருக்கங்கள்கூட நீவிவிட்டதுபோல மறைந்திருந்தன. ஏணி விரித்தபடியே நின்றது. திருப்புளி ஜன்னல் திட்டில் கிடந்தது.

அவள் மெயினை அணைத்தாள். இறக்கைகள் நிற்கும்வரை காத்திருந்தாள். திருப்புளியை எடுத்துக்கொண்டு ஏறினாள். ஏணி ஆடியது, பிறகு நின்றது. ஸ்குரு கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. அரைச் சுற்று. உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்தாள். தள்ளுவதற்கு முன்பே அது அசைந்தது.

குழந்தைகூடச் செய்யலாம் என்று அண்ணன் சொன்னது உண்மைதான். அவன் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மையாக இருந்துதொலைத்தது.

அவள் ஏணியின்மேல் நின்றாள். பெட்டியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளினாள். கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்தாள். கீழே கட்டிலும் தலையணையும், தலையணையில் அம்மாவின் தலை பதிந்த குழியும் தெரிந்தன. மேலிருந்து அந்த வீட்டை அவள் பார்த்ததே இல்லை. கட்டில் ரொம்பச் சின்னதாக இருந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவள் கை பெட்டியைவிட்டு எடுபடவில்லை.

பிறகு பெட்டியைக் கூடத்தின் நட்டநடுவுக்குத் தள்ளி, ஸ்குருவை இறுக்கினாள். கை வலிக்கும்வரை இறுக்கினாள்.

ஏணியை மடித்தாள். முகம் கழுவினாள். மெயினைப் போட்டாள். துணிமணிகளை ஒரு பையில் வைத்தாள். எல்லாம் ஒரே பையில் அடங்கிவிட்டது. கட்டிலுக்கு அடியில் கிடந்த அட்டை மூடியை எடுத்துப் பார்த்தாள். அதைப் பையில் வைக்கவில்லை. தலையணை பக்கத்தில் வைத்தாள்.

அண்ணனும் அண்ணியும் திரும்பி வந்தபோது விளக்கு போடும் நேரம். அண்ணன் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நேராகக் கட்டிலுக்கு வந்து, "அப்பாடா," என்று அதில் உட்கார்ந்தான். சட்டையின் மேல்பட்டன் இரண்டையும் அவிழ்த்து, கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கினான்.

கொஞ்சநேரம் அப்படியே இருந்தான். பிறகு கண்ணைத் திறந்தான். ஃபேன் நடுக்கூடத்தில், வெறும் தரைக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இங்கதானே விட்டுட்டுப் போனேன்," என்றான். "யாரு நகர்த்துனது?"

அண்ணி அவளைப் பார்த்தாள். அண்ணனும் பார்த்தான். அவள் தோளில் தொங்கிய பையைப் பார்த்தான். கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தான்.

"நீயா? உனக்கு எப்படித் தெரியும்? பட்டையில கீறல் போட்டுட்டியா?"

அவள் திருப்புளியைக் கட்டிலில், அவன் தொடைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கேக்கறேன்ல. எங்க கெளம்பிட்ட? வாயத் தொறந்து சொல்லு."

நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை அவன் கண்ணில் இறங்கியது. கை தானாகத் தலையணைப் பக்கம் போய்த் துழாவி, அட்டை மூடியை எடுத்தது. விசிறிக்கொண்டே அவளுடைய பதிலுக்குக் காத்திருந்தான். சிவப்பு எழுத்துகள் அவன் முகத்துக்கு முன்னால் மேலும் கீழும் போய் வந்தன.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசல் தாண்டி, கேட்டைத் திறந்து, திரும்பச் சாத்தி, தெருவில் இறங்கித் தையல்கடைப் பக்கம் நடந்தாள். உள்ளே அட்டை விசிறுகிற சத்தம் தெருவிளக்குவரை கேட்டது.