குழு பார்த்துவிட்டுப் போன சுவர்

பாராளுமன்றக் குழு ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறது என்றதும், தோட்டத் தலைவர் முத்துலிங்கம் முதல் வேலையாக ராக்கம்மா வீட்டுச் சுவரின் வெடிப்பைச் சீமெந்து வைத்து அடைத்தார். மேலே சுண்ணாம்பும் அடித்தாயிற்று.

அந்த வெடிப்பைப் பார்க்கத்தான் குழுவே வருகிறது. மண் சரிகிறது, தொழிலாளர் லய வீடுகளை மாற்றித் தாருங்கள் என்ற முறைப்பாடு எங்கெங்கோ அலைந்து அந்தக் குழுவிடம் போயிருந்தது. அவர்கள் நேரில் பார்த்து அறிக்கை எழுதினால்தான் வீடு கட்ட வேறு காணி கிடைக்கும்.

ராக்கம்மாவின் மகள் சிந்துஜா அதிகம் வாய் திறக்காதவள். அவளே கேட்டுவிட்டாள்.

"ஏன் மாமா அடைக்கிறீங்க? அதத்தானே காட்டணும்?"

"பெரிய மனுசங்க வர்றாங்க. ஓட்ட வீட்டுக்குள்ளயா கூப்புடுவ? மானம் போயிரும் புள்ள."

ராக்கம்மாவும் தலையாட்டிவிட்டு வாசலில் கோலம் போட்டாள்.

குழுவில் பாதிப்பேர்கூட வரவில்லை. வந்தவர்களுக்கு நிறைகுடம், மாலை, பொன்னாடை என்று நேரம் போனது. குழுவின் தலைவரான தவிசாளர் வீட்டுக்குள் தலையை மட்டும் நீட்டி, சுவர் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். தாங்கள் சுத்தமாக வைத்திருப்பதாக முத்துலிங்கம் பல்லைக் காட்டினார். கூட வந்த செயலாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். சிந்துஜாவுக்கு மாலையின் வாசம்கூட அழுகல் நாற்றமாகத்தான் பட்டது.

அவர்கள் வடை சாப்பிடப் போனதும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் சுவரைக் குத்தினாள். சீமெந்து பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளிருந்து குளிர்காற்று அடித்தது.

ஓடிப்போய்ச் செயலாளரிடம் வந்து பார்க்கும்படி கெஞ்சினாள்.

"தங்கச்சி, பார்வையிடல் முடிஞ்சுது. இனிக் குறிப்பில சேர்க்க ஏலாது. அடுத்த கூட்டத்துக்கு எழுதிப் போடுங்க."

அடுத்த கூட்டம் எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் தவிசாளர் விரல் எண்ணெயைப் பொன்னாடையில் துடைத்துக்கொண்டிருந்தார். தோட்டத்து ஆட்கள் கூசாமல் இன்னும் இரண்டு வடையை அவர் தட்டில் வைத்தார்கள். யாரை அதிகம் வெறுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பினால், ராக்கம்மா வெடிப்புக்குள் மணிக்கட்டுவரை கையை விட்டுக்கொண்டு நின்றாள்.

"அடைக்கிறப்ப வெரல் மட்டுந்தான்டி உள்ள போச்சு," என்றாள்.

படம் எடுக்க வரச்சொல்லி முத்துலிங்கம் வெளியே கூப்பிட்டார். ராக்கம்மா பாயைச் சுருட்டி மகள் கையில் கொடுத்தாள். சோற்றுப் பானையைத் தான் தூக்கிக்கொண்டாள். கோலத்தை மிதித்தபடி இருவரும் கோயில் மண்டபத்துப் பக்கம் நடந்தார்கள்.