ஐம்பதாவது

என் மனைவி மதலைமேரி 1968 ஈஸ்டர் அன்று விடியலில் பிரசவத்தில் இறந்தாள். பெண் குழந்தை பிழைத்தது. பூசைக்குக் கட்டிய புதுச் சேலைகளோடே பெண்கள் அடக்கத்துக்கு வந்தார்கள்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது, குழந்தையைத் தன் ஊரான பொம்மிடிக்குக் கொண்டுபோவதாக என் மாமியார் லூர்துமேரி சொன்னார். எப்போது வாங்கிக்கொள்வீர்கள் என்று கேட்டார்.

"பெந்தெகொஸ்தேக்கு" என்றேன். வாயில் வந்த திருநாள் அது. தூரத்தில் இருந்தது.

"சரிங்க மாப்ள. அன்னிக்குப் பூசை முடிஞ்சதும் உங்க கையில குடுத்துடறேன். நீங்க வாங்கலைன்னா எம்மவன் பொண்டாட்டி வளத்துக்குவா. அவளுக்குப் புள்ள இல்ல. ஆனா அப்புறம் வந்து கேக்கக் கூடாதுங்க. புள்ளைக்கு ஒரு வூடுதான் இருக்கணும்."

அதன் பிறகு எனக்கு இருந்த ஒரே வேலை நாட்களை எண்ணுவது. நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. காலையில் எழுந்ததும் அன்றைய எண்ணைச் சொல்லிக்கொள்வேன். அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. கடைசி எண்ணில் ஏதோ ஒன்று வரும், குழந்தையைத் தூக்கும் கை வரும் என்று இருந்தேன்.

பக்கத்து வீட்டு ஜான் பீ பெந்தெகொஸ்தேக்கு முந்தின நாளே வந்து, உத்தரத்தில் கயிறு போட்டுத் தன் பழைய சேலையில் தூளி கட்டினார். "பகல்ல நான் பாத்துக்கறேங்க தம்பி. நீங்க நிம்மதியா பள்ளிக்கூடம் போங்க. எட்டுப் பேர வளத்த கை இது. உங்களையும் சேத்து வளத்துடுவேன்."

திருநாளன்று கோயில் நிறைந்திருந்தது. பூசை வைக்கச் சேலத்திலிருந்து வரவேண்டிய சாமியார் வரவில்லை. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து பஸ்கள் நிற்பதாகச் செய்தி வந்தது. உபதேசியார் சவரிமுத்து என்னிடம் வந்தார்.

"சார், சாமி வர்ற வரைக்கும் திருநாளைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க. காலேஜ் படிச்சவரு. சனங்க வெளிய போனா டீக்கடையில உக்காந்துக்குவாங்க."

எழுந்து நின்றேன். திருச்சியில் வேதபாட வகுப்பில் கேட்டது நினைவிருந்தது.

"பெந்தெகொஸ்தே கிரேக்கச் சொல். ஐம்பதாவது என்று பொருள். யூதர்கள் பாஸ்காப் பண்டிகையை ஒட்டி முதல் கதிர்க்கட்டைப் படைப்பார்கள். அன்றிலிருந்து ஏழு வாரம் எண்ணி, ஐம்பதாம் நாள் புதுக் கோதுமையில் அப்பம் சுட்டுக் கொண்டுவருவார்கள்."

"நமக்குக் கோதுமை ரேஷன் கடையிலதான் சார் வெளையுது" என்றார் காசியம்மாள். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது.

"நாம் ஈஸ்டரிலிருந்து எண்ணுகிறோம். பரிசுத்த ஆவி சீடர்கள்மேல் நெருப்பு நாக்குகளாக இறங்கியது அந்த நாளில். ஆனால் பெயரில் ஆவி இல்லை. நெருப்பும் இல்லை. எண் மட்டும்தான் இருக்கிறது."

மேலே எதுவும் வரவில்லை. முன்வரிசையில் லூர்துமேரி அத்தையின் மடியில் குழந்தை விழித்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எண்ணி முடித்தாயிற்று. ஒன்றும் வரவில்லை.

"அவ்வளவுதான்" என்று உட்கார்ந்தேன்.

சாமியார் வந்தார். பூசை நடந்தது.

வாசலில், வேப்பமரத்தடியில் அத்தை குழந்தையை நீட்டினார். வெள்ளைக் கவுன். நெற்றியில் வியர்வை. மதலைமேரியின் அதே காது.

என் கைகள் பக்கத்திலேயே தொங்கின.

"புடிங்க மாப்ள."

நான் பிடிக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் வேணுமாங்க? வேணும்னா சொல்லுங்க. எம்மவன்கிட்ட நான் பேசிக்கறேன்."

இந்த ஒன்றை அவர் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"வேண்டாங்க அத்தை. நாளால ஆகறது இல்ல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். திட்டவில்லை. குழந்தையைத் தோளில் சாய்த்து, வெயில் படாமல் முந்தானையால் மூடினார். பொம்மிடி பஸ் வந்ததும் ஏறிவிட்டார்.

வீட்டு வாசலில் ஜான் பீ பால் டம்ளரோடு நின்றார். என் கைகளைப் பார்த்தார். பின்னால் தெருவைப் பார்த்தார்.

"பஸ் கெடைக்கலியாங்க அவங்களுக்கு?"

"வந்தாங்க. போயிட்டாங்க."

அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். உள்ளே போய்த் தூளியின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். இறுகியிருந்தது. நான் கத்தியை எடுத்து வந்தேன்.

"அறுக்காதீங்க தம்பி. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

நாற்காலியில் ஏறிக் கயிற்றை அறுத்தேன்.