இருபது நிமிடத்துக்கு ஒருமுறை

காலை ஏழு இருபத்திரண்டுக்கு நான்காவது முறையாக அவள் வயிறு இறுகியது. ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையை வயிற்றின் மேல் வைத்து, வாயால் மூச்சு விட்டாள். அரை நிமிடம் கல்லாக இருந்த வயிறு பிறகு மெல்லத் தளர்ந்தது. அவள் கணவன் மாவு ஒட்டிய கையோடு கரும்பலகைக்குப் போனான். அதன் வலது மூலையில் 6.22, 6.42, 7.02 என்று முன்பே எழுதியிருந்தான். அவற்றின் கீழே 7.22 என்று எழுதிவிட்டு நான்கு எண்களையும் பார்த்தபடி நின்றான்.

"சரியா இருபது நிமிஷம்" என்றான். "ஒரு நிமிஷம் கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

தெருவில் அவனுக்குத் தராசு என்று பெயர். உப்பைக்கூட நிறுத்துத்தான் மாவில் போடுவான். கண்ணளவு, கையளவு என்று யாராவது சொன்னால் அவனுக்கு முகம் சுருங்கிவிடும். பேக்கரியில் மாவு அவன் பொறுப்பு, ஓவன் அவள் பொறுப்பு. கல்யாணமாகி ஒன்பது வருடமாக அப்படித்தான். முன்பக்கத்துக் கடையில் அவனுடைய தங்கை உட்கார்ந்து வியாபாரம் பார்த்தாள்.

ஒன்பது வருடம் கழித்து உண்டான பிள்ளை. முப்பத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. போன மாதம் மருத்துவச்சி அவளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "வயிறு அப்பப்ப இறுகும். அது ஒத்திகை. கணக்கு வழக்கில்லாம வந்துட்டுப் போச்சுன்னா பயப்படாதீங்க. கடிகாரம் பாத்த மாதிரி வந்துச்சுன்னா உடனே எனக்குப் போன் பண்ணுங்க."

இப்போது வந்தது கடிகாரம் பார்த்த மாதிரிதான்.

நாத்தனார் கதவிடுக்கில் தலையை நீட்டினாள். "என்ன அண்ணி, மறுபடியுமா? மூணு பெத்தவ சொல்றேன், இது சூட்டு வலி. நாள் பூரா ஓவன் முன்னாடி நிக்கிறவங்களுக்குச் சூட்டு வலி வராம குளிர் வலியா வரும்?"

"உனக்கென்ன, மூணும் சொன்ன தேதிக்கு வந்து இறங்குச்சு" என்றாள் அவள். "எனக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கு. இப்பவே வந்துட்டா அது எப்படி மூச்சு விடும்?"

அவள் சிரித்துக்கொண்டு சொல்லத்தான் நினைத்தாள். கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. நாத்தனார் அதற்குப் பிறகு கேலி பேசவில்லை. போனை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

மருத்துவச்சி இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். தராசு நான்கு நேரங்களையும் வரிசையாக ஒப்பித்தான்.

"அது சரி, தண்ணி ஏதும் போச்சா? ரத்தம்?"

"இல்லக்கா. ஆனா சரியா இருபது..."

"குழந்தை அசையுதா?"

"அசையுதுன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா? வயிறு யாரோடது? போனை அவங்ககிட்ட குடுங்க."

அவளிடம் கேட்டுக்கொண்டாள். குழந்தை அசைகிறது, காலையில்கூட உதைத்தது. இடுப்பு கொஞ்சம் வலிக்கிறது. ஒன்றும் ஒழுகவில்லை. வலி என்று சொல்ல முடியாது, யாரோ உள்ளிருந்து வயிற்றைச் சுருக்குப்பை மாதிரி இழுத்துக் கட்டுகிற மாதிரி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கிளம்பி வாங்க, பாத்துடுவோம்" என்றாள் மருத்துவச்சி.

அன்று பார்த்துப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி. இரண்டு மணிக்குள் அறுநூறு பன் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால்தான் விடியற்காலையிலிருந்து ஓவன் ஓயாமல் எரிந்துகொண்டிருந்தது. மற்ற நாட்களில் மூன்று நான்கு ஈடு போட்டால் வேலை முடிந்துவிடும். தராசு பிசைந்த மாவையெல்லாம் குளிர்பெட்டிக்குள் தள்ளினான், ரொட்டி வண்டியின் முன் இருக்கையில் தலையணை போட்டு அவளை உட்காரவைத்தான். வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்காததுதான் பாக்கி. பின்னால் வந்த ஒரு ஸ்கூட்டர்காரர், "என்னய்யா, முட்டையா ஏத்திக்கிட்டுப் போற?" என்று கத்திவிட்டு முந்திப் போனார்.

மருத்துவமனையின் பிரசவப் பகுதியில் அவளை இடது பக்கமாகப் படுக்கவைத்தார்கள். மருத்துவச்சி ஐம்பதை நெருங்கியவள், குட்டையான உருவம், பெரிய கைகள். அந்தக் கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் வயிற்றைத் தொட்டாள். சிறுநீரைச் சோதித்தாள். கர்ப்பப்பை வாய் திறந்திருக்கிறதா என்று பார்த்தாள். கருவியை வயிற்றின் மேல் வைத்ததும் குதிரை ஓடுகிற மாதிரி இதயத் துடிப்பு அறை முழுதும் கேட்டது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெண்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"எல்லாம் மூடித்தான் இருக்கு. தொத்து ஒண்ணும் இல்ல. குழந்தை ஜோரா இருக்கு. இப்ப வலி வரட்டும், பாப்போம்."

வலி வரவில்லை. இருபது நிமிடம் போனது, நாற்பது நிமிடம் போனது, ஒன்றரை மணி நேரம் போனது. வயிறு பிசைந்து வைத்த மாவு மாதிரி மெத்தென்று கிடந்தது. தராசு கைக்கடிகாரத்தையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"பொய் சொல்லலக்கா. நெஜமாவே வந்துச்சு."

"பொய்யின்னு யார் சொன்னா? பல் டாக்டர் வாசலுக்கு வந்ததும் பல்வலி நின்னுடுறதில்லையா, அந்த மாதிரிதான். வீட்டுக்குப் போங்க. நிறையத் தண்ணி குடிங்க. மறுபடி வந்துச்சுன்னா கூப்பிடுங்க, நானே வரேன்."

"தொந்தரவாச்சேக்கா."

"தொந்தரவே பண்ணாதவங்களப் பாத்தாத்தான் எனக்குப் பயம்."

பத்து மணிக்குத் திரும்பினார்கள். போகும்போது அழுத நாத்தனார் இப்போது, "நான் சொன்னேன்ல, மூணு பெத்தவ" என்று ஆரம்பித்தாள். மாவு யாருக்காகவும் காத்திருக்காது. பள்ளிக்கூடமும் காத்திருக்காது. அவள் மேலங்கியைக் கட்டிக்கொண்டாள். "நான் பாத்துக்குறேன், நீ போய்ப் படு" என்றான் தராசு. "உங்களுக்கு ஓவனப் பத்தி என்ன தெரியும்? அதோட இடது பக்கம் எப்பவும் சூடு கூட. கருக்கிடுவீங்க" என்று அவனை மாவு மேசைக்குத் துரத்தினாள். அந்த ஒன்றரை மணி நேர நிம்மதி அவள் முகத்தில் இன்னும் இருந்தது.

அது பதினொன்று இரண்டு வரைதான். பிறகு பதினொன்று இருபத்திரண்டு. பிறகு பதினொன்று நாற்பத்திரண்டு. தராசு ஒவ்வொன்றையும் பலகையின் மூலையில் எழுதினான். மூன்றாவதை எழுதும்போது சுண்ணக்கட்டி உடைந்தது. அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். ஏழு வாரம் முன்னதாகப் பிறந்த பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, வெளியே நின்று பார்க்கிற தாய்மார்களை அவள் காலையில் மருத்துவமனைத் தாழ்வாரத்தில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

மருத்துவச்சி சொன்னபடியே வந்தாள். ஸ்கூட்டரைக் கடை வாசலில் நிறுத்தி, பையோடு நேராக உள்ளே நுழைந்தாள். அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். தளர்வாக இருந்தது.

"அடுத்தது எப்ப வரணும்?"

"பன்னெண்டு ரெண்டுக்கு" என்றான் தராசு. ரயில் நேரம் சொல்வது போலத்தான் சொன்னான்.

"சரி. நான் இங்கயே ஓரமா இருக்கேன். நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க."

ஒரு சர்க்கரை மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். வேலை பார்க்கும் இடத்தைப் பார்த்தாள். நீளமான மாவு மேசை, தட்டுகள் அடுக்கிய சக்கர வண்டி, மூன்று அடுக்கு ஓவன், அதன் தலையில் திருகி நேரம் வைக்கிற ஒரு மணி. எதிர்ச் சுவரில் கரும்பலகை. பன்னிரண்டு மணிக்கு ஓவன் மணி அடித்தது.

அவள் துணியைக் கையில் சுற்றிக்கொண்டாள். கனமான தட்டு எதையும் தூக்க மாட்டேன் என்று ஆறாம் மாதத்திலேயே கணவனுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள், அதைக் காப்பாற்றியும் வந்தாள். இவை சின்னத் தட்டுகள்தாம். மேல் அடுக்கில் நான்கு, நடுவில் நான்கு. அடுத்து கீழ் அடுக்கு. அதற்குக் காலை அகட்டி, முழங்காலை மடக்கி, வயிற்றை ஒருபுறம் ஒதுக்கிக் குனிந்தாள். நான்கு தட்டையும் ஒவ்வொன்றாக இழுத்து, ஒவ்வொன்றுக்கும் எழுந்து வண்டியில் சொருகினாள். பிறகு புதிய தட்டுகள் பன்னிரண்டை அதேபோலக் குனிந்து நிமிர்ந்து உள்ளே தள்ளினாள். மணியைத் திருகிவிட்டு நெற்றியைத் துடைத்தாள். மேசை விளிம்பைப் பிடித்தாள்.

"இதோ... வருதுக்கா."

மருத்துவச்சி எழுந்து வந்து கை வைத்தாள். வயிறு இறுகித்தான் இருந்தது. நிஜமான இறுக்கம். அது தளரும்வரை கையை எடுக்கவில்லை. தளர்ந்ததும் பலகைக்குப் போனாள்.

"வலது மூலையில இருக்கிறது வலி. இடது பக்கம் மேல எழுதியிருக்கே, இது என்ன?"

"அது ஈடு எடுத்த நேரம்" என்றான் தராசு. "ஒவ்வொரு ஈடு வெளிய வந்ததும் எழுதிடுவேன்."

"கொஞ்சம் படிங்க."

"ஆறு இருபது. ஆறு நாப்பது. ஏழு. ஏழு இருபது..." குரல் இறங்கிக்கொண்டே வந்து ஏழு இருபதில் நின்றுவிட்டது.

கதவிடுக்கில் நின்றிருந்த நாத்தனார்தான் முதலில் கத்தினாள். "அடப் பாவி அண்ணா! ரெண்டு பக்கமும் உன் கையெழுத்துதானே!"

"ஓவனுக்குத்தாம்மா உங்க வயித்துல வலி வருது" என்றாள் மருத்துவச்சி. இப்போது அவளும் சிரித்துவிட்டாள். "இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் இருபத்து நாலு தட்டு, அதுல எட்டு தரை மட்டத்துல. இந்தச் சூட்டுல நின்னுக்கிட்டு. காலையிலிருந்து எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சீங்க?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

"ஒண்ணு" என்றாள். "அதுவும் மருத்துவமனையில நீங்க குடுத்தது."

"மாவுக்கு மட்டும் தண்ணி அளந்து ஊத்துவாராக்கும்" என்றாள் நாத்தனார்.

மருத்துவச்சி அவர்களைச் சந்தேகத்தோடு விட்டுவிட்டுப் போகிறவள் அல்ல. கடையிலிருந்து முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று வந்தது. மருத்துவச்சியின் கண் முன்னே இரண்டு பெரிய டம்ளர் தண்ணீர் உள்ளே போனது. கால் நீட்டிக்கொள்ள ஒரு காலி டின் வந்தது. "அடுத்த ஈட்ட உங்க வீட்டுக்காரர் எடுக்கட்டும். நீங்க அசையக் கூடாது. வருதா பாப்போம்."

பன்னிரண்டு இருபதுக்கு மணி அடித்தது. மூன்று பேரும் அவள் வயிற்றையே பார்த்தார்கள். அவளும் அதையே பார்த்தாள். மருத்துவச்சியின் கை வயிற்றின் மேல் இருந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் வயிற்றின் வலது பக்கம் மேலங்கி துள்ளியது.

"ஐயோ" என்றான் தராசு.

"என்ன ஐயோ? கால நீட்டுது உங்க புள்ள" என்றாள் மருத்துவச்சி. "வயிறு பஞ்சு மாதிரி இருக்கு."

ஐந்தாவது நிமிடத்தில்தான் அவள் மூக்கைச் சுளித்தாள். "என்னங்க! பன்னு!"

தராசு பாய்ந்து ஓவனைத் திறந்தான். இடது பக்கத்தில் நாலு தட்டு கரிக்கட்டை. எடை பார்த்து, நேரம் பார்த்து வாழ்ந்தவன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஈட்டைக் கருக்கியிருந்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் சிரித்த சிரிப்பைக் கேட்டுக் கடையில் நின்றிருந்த வாடிக்கையாளர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அவள் நாற்காலியில் சாய்ந்தபடியே சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள்.

மருத்துவச்சி இன்னொரு ஈடு முடியும்வரை இருந்தாள். அப்போதும் ஒன்றும் வரவில்லை. கிளம்பும்போது விரலை மடக்கிச் சொன்னாள்: பிரசவம்வரை அவள் ஓவன் பக்கம் போகவே கூடாது, உட்கார்ந்திருக்கும்போதும் வலி வந்தால், தண்ணீர் ஒழுகினால், ரத்தம் பட்டால், குழந்தை அசைவு குறைந்தால் எந்த நேரமானாலும் போன் செய்ய வேண்டும். "ஒண்ணும் இல்லாததுக்குக் கூப்பிட்டோமேன்னு மட்டும் நினைக்காதீங்க. ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்குத்தான் நான் இருக்கேன்." பையில் நாத்தனார் திணித்த நல்ல பன்களோடு ஸ்கூட்டரில் ஏறினாள்.

பிறகு ஓவனை நாற்காலியிலிருந்தே அவள் நடத்தினாள். "திருப்புங்க. இடது பக்கத்தத்தான் முதல்ல. ஐய, அது வலது!" அறுநூற்றில் நாற்பது குறைந்தது. பள்ளிக்கூடத்துக்கு நாத்தனார் போனில் ஒரு கதை சொல்லிச் சமாளித்தாள். ஒன்றரை மணி வாக்கில் நாற்காலியிலிருந்து அதட்டல் நின்றுபோனது. தராசு திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தான். வெளியே போய்ப் போனை எடுத்தான்.

"அக்கா, நான்தான். அவ தூங்கிட்டா. இப்ப வலி வந்துச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

மறுமுனையில் மருத்துவச்சி எதையோ மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். "எப்படித் தூங்குறாங்க?"

"வாயத் திறந்துக்கிட்டு. குறட்டை வேற."

"அப்ப போய் வேலையப் பாருங்க. நெஜ வலி வந்தா எழுந்து உக்காந்து முதல்ல உங்களத்தான் திட்டுவாங்க. பிரசவ வலியில குறட்டை விட்டவங்கள இருபத்தஞ்சு வருஷத்துல நான் பாத்ததில்ல."

அவன் போனை வைத்துவிட்டுக் கடைப் பக்கம் வந்தபோது, நாத்தனார் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு மூன்று வாடிக்கையாளர்களுக்குச் சைகையிலேயே சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று ஒருவர் கிசுகிசுத்தார்.

"இல்லைங்க. எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றாள் நாத்தனார், அதே கிசுகிசுப்பில். "எங்க அண்ணி தூங்குறாங்க."